எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா? இந்த ரோட்டுல புழுதி நெம்ப. எனக்கு ஆகாது, ஒரே தும்மலா வந்துரும். ஆங், போதுமுங்க. நீங்க கோபி வரைக்குமுங்களா? நம்பியூரா. மஞ்சள் மண்டிங்களா? வாசத்துலயே கண்டுபிடிச்சேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் கோபி போறேன். ஒரு கையெழுத்து வாங்கோணும். வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருவேன்.

பத்திரம் கித்திரம்னு எதுவும் இல்லீங்க. என்கிட்ட வேலை பாத்த ஒரு புள்ள, மைனாவதின்னு பேரு. அவளுக்கு ஒரு நல்லது பண்ணத்தான் ஞாயித்துக்கெழமையும் அதுவுமா பஸ் ஏறியிருக்கேன். அவ என்னடான்னா போனையே எடுக்க மாட்டேங்கறா. பத்து வருசம் ஒரே ரூம்ல உக்காந்து வேலை பாத்தவ. மனுசனுக்கு வருத்தம் இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்க.

என் பேரு சென்னியப்பனுங்க. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஐ.டி. மேனேஜர். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, இப்பத்த நெலமையில சொல்லக்கூடாது. முந்நூறு படுக்கை. பத்தொன்பது வருசமா இருக்கேன். ஆஸ்பத்திரின்னா டாக்டருதான்னு எல்லாரும் நெனைக்கறாங்க. சீட்டுப் போடறது, ரத்த டெஸ்ட் ரிசல்ட்டு, ஸ்கேனு, மருந்து எல்லாமே இன்னைக்கு கம்ப்யூட்டர்லதானுங்க போகுது. ஒரு வயர் புடுங்கிட்டுதுன்னா ஒரு மாடியே நின்னு போயிரும். அதைப் பாத்துக்கறது நாங்க நாலு பேரு. நாங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது. எதாச்சும் நின்னாத்தான் தெரியும், அப்பவும் திட்டறதுக்குத்தான் கூப்பிடுவாங்க.

இந்த ஆடி மாசம் பெரிய டாக்டரு கூப்பிட்டாரு. அவருதான் எங்க முதலாளி. சர்வரும் நெட்வொர்க்கும் ஒழுங்கா ஓடுதான்னு கண்காணிக்க சாப்ட்வேர் இருக்குதாமே, அதுல மூணு நாலை வரவழைச்சுப் பாருங்க சென்னியப்பன், எது நல்லதோ எடுத்துக்கலாம்னாரு. உங்க குடோனுக்கு வாட்ச்மேன் இருப்பாருல்லங்க, அது மாதிரிதான். சர்வரு, நெட்வொர்க்குன்னு இருக்கற எல்லாப் பெட்டியையும் நிமிசத்துக்கு ஒரு தடவை தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கும். திரையில ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கட்டம். உசுரோட இருந்தா பச்சை, படுத்துட்டுதுன்னா செகப்பு, உடனே நம்ம போனுக்கு மெசேஜும் வரும். ஆவணி கடேசியில தரச் சான்றிதழ் குடுக்கற கமிட்டி டில்லியில இருந்து வருது, அதுக்குள்ள முடிச்சிருங்கன்னுட்டாரு.

மூணு சாப்ட்வேர் கொண்டாந்தோம். பேரெல்லாம் வேண்டாமுங்க, மொதலாவது, ரெண்டாவது, மூணாவதுன்னே சொல்றேன். எல்லாம் சும்மா ஓட்டிப் பாக்கறதுக்குக் குடுத்தது, முப்பது நாளு. மூணையும் ஒரே சமயத்துல ஓட்ட விட்டோம்.

மொதலாவது பயந்தாங்கொள்ளிங்க. எதுக்கெடுத்தாலும் கூப்பாடு. மொத நாளே நானூத்திப் பன்னெண்டு மெசேஜ். பிரிண்டர்ல பேப்பர் தீந்தாக்கூட எனக்கு மெசேஜ். எம்பட சம்சாரம் யாருங்க உங்களுக்கு இத்தன மெசேஜ் போடறதுன்னு கேட்டுப்போட்டா. அதை நாலே நாள்ல ஓரங்கட்டியாச்சு.

ரெண்டாவது ஓசி சாப்ட்வேர். எல்லாத்தையும் நாமளே உக்காந்து அமைக்கோணும். பாக்கறதுக்கும் ஒண்ணும் நல்லாருக்காது, பழைய காலத்து டிக்கெட் கவுண்டர் மாதிரி. மைனாவுக்கு அதுதான் புடிச்சுது. ராவும் பகலுமா உக்காந்து அமைச்சா பாவம். ஓசின்னு போய்ச் சொன்னா பெரிய டாக்டருக்கு நம்பிக்கை வருமாங்க? அது அவளுக்குப் புரியல.

மூணாவதுதான் நம்ம ஆளு. அதை விக்க வந்த தம்பி டை கட்டிட்டு வந்தான், நல்ல மரியாதை. பெரிய டாக்டரு ரூம்ல சுவத்துல அம்பத்தஞ்சு இஞ்ச் டி.வி. ஒண்ணு மாட்டி, ஆஸ்பத்திரி படத்தையே வரைஞ்சு, மாடி மாடியா கட்டம் போட்டு, அத்தனையும் பச்சைப் பசேல்னு காட்டினான். பெரிய டாக்டரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு அதையே பாத்துட்டு நின்னாரு. பத்தொன்பது வருசத்துல அவரு எங்க வேலையை அப்படி நின்னு பாத்தது அன்னைக்குத்தானுங்க. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. பொய் சொல்லல.

அந்த நேரம் பாத்து மைனா கேட்டா, ஏங்க, ஒரு பெட்டியைப் பராமரிப்புல போட்டா என்ன கலர் வரும்னு. பராமரிப்புன்னா, நாம ஒரு பெட்டியைக் கழட்டி வேலை பாக்கறோம்னு வெச்சுக்குங்க, அது வீணா கத்தக்கூடாதுல்ல. அதுக்கு ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினா அந்தப் பெட்டியைக் கணக்குல எடுத்துக்காது, செத்தாலும் கத்தாது. அந்தத் தம்பி பெருமையா, அதுவும் பச்சையாவே இருக்கும் மேடம், திரை சுத்தமா இருக்கும்னான். இவ விடலை. எத்தன மணிக்கு அது தானா முடியும்னு கேட்டா. நீங்களா எடுக்கற வரைக்கும் இருக்கும்னான். ரெண்டாவதுல முடியற நேரம் குடுக்காம அந்தப் பட்டனை அமுக்கவே முடியாது சார்னு என்னைப் பாத்துச் சொல்றா. பெரிய டாக்டரு முன்னாடி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதோட விட்டாளா. மறுநா எல்லாரும் உக்காந்திருக்கறப்ப யாருக்கும் சொல்லாம கீழ போய் ஒரு வயரைப் புடுங்கிட்டு வந்துட்டா. சோதனையாம். வழக்கமா இந்த மாதிரி சோதனை பண்ணினா கம்பெனிக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சுத்தானுங்க புடுங்குவோம். அதுதானே மரியாதை? ரெண்டாவது நாப்பது செகண்டுல செகப்பு காட்டுச்சு. மூணாவது ஏழு நிமிசம். அந்த ஏழு நிமிசமும் எல்லாரும் டி.வி.யவே பாத்துட்டு இருக்கோம், அது பச்சையா சிரிச்சுட்டு இருக்குது. என் மானம் போச்சு. வெளிய கூப்பிட்டு நல்லாத் திட்டிவிட்டேன். நான் கத்தற ஆளு இல்லீங்க, அன்னைக்குக் கத்திட்டேன்.

மார்க் போட்டோம், நூத்துக்கு. திரை பாக்க எப்படி இருக்குன்னு முப்பது மார்க், தகவல் சொல்ற வேகத்துக்கு அஞ்சு. அஞ்சுதானா சார்னு கேட்டா. ஆஸ்பத்திரி நடத்தறவங்களுக்கு என்ன வேணுங்கறது மேனேஜருக்குத்தானே அம்மிணி தெரியும்னேன். மூணாவதுக்கு எண்பத்தெட்டு. அவ எழுதிக்கிட்டா.

இதுல ஒரு விசயம் இருக்குதுங்க. சும்மா ஓட்டிப் பாக்கக் குடுக்கறப்ப மூணாவதுல ஒரே ஒரு லாகின்தான் தருவாங்க. கம்பெனிக்கு ஃபாரம் நெரப்பி அனுப்பினது மைனா, அதனால அது அவ பேர்ல இருந்துச்சு, மூணாவதையே எடுத்ததுக்கப்பறமும் அதுவேதான் ஓடுச்சு. எனக்கும் பாக்கோணும்ல, மேனேஜரு இல்லையா நான்? பாஸ்வேர்டைச் சொல்லு புள்ளன்னேன். கொஞ்சம் இழுத்தா. சார், என்ன பண்ணினாலும் எம்பேர்லதான சார் பதிவாகும்னா. என்ன அம்மிணி, என்மேல நம்பிக்கை இல்லையான்னேன். சொல்லிட்டா. எங்க தொழில்ல இது எல்லா எடத்துலயும் நடக்கறதுதானுங்க. நாலு பேரு ஒரு சாவியை வெச்சுட்டு ரூம் தொறக்கற மாதிரி.

சரி, விசயத்துக்கு வர்றேன். நாலாவது மாடியில ஒரு சுவிட்ச். லைட்டு சுவிட்ச் இல்லீங்க, அந்த மாடிக் கம்ப்யூட்டர் வயரெல்லாம் வந்து சேர்ற பெட்டி. எட்டு வருசப் பெட்டி. நின்னு நின்னு ஓடிட்டு இருந்துச்சு. மைனா மூணு மாசமா மாத்தோணும் மாத்தோணும்னு எழுதிக் குடுத்துட்டே இருந்தா. கமிட்டி வந்து போகட்டும், அப்பறம் மாடியைக் கலைக்கலாம்னு நிறுத்தி வெச்சிருந்தேன். அதுல என்ன தப்புங்க? கமிட்டி திங்கக்கெழமை சாயங்காலம் வர்றாங்க. காத்தால பெரிய டாக்டரு போன் பண்ணி, சென்னியப்பன், டி.வி.யில நாலாவது மாடி செகப்பு, பச்சை, செகப்பு, பச்சைன்னு விட்டு விட்டு எரியுது, பாக்கவே அசிங்கமா இருக்கு, அவங்க என் ரூமுக்குத்தான் மொதல்ல வருவாங்கங்கறாரு. என்ன பண்ணச் சொல்றீங்க? பராமரிப்புல போட்டாச்சு. பச்சை ஆயிருச்சு. கமிட்டிக்காரங்க வந்தாங்க, டி.வி.யப் பாத்தாங்க, பிரமாதம்னாங்க. பெரிய டாக்டரு என் தோள்ல கை போட்டு இவருதான்னு காட்டினாரு.

பொதங்கெழமை அவங்க போனதும் எடுத்துரலாம்னு இருந்துச்சு. பொதங்கெழமை எம்பட மச்சான் வீட்டுல விசேசம். வியாழக்கெழமை வேற வேலை. மைனா வந்து ரெண்டு தடவை கேட்டா, அதை எடுத்துரலாமா சார்னு. தொடாத, பெரிய டாக்டரு அந்த டி.வி.யவே பாத்துட்டு இருக்காரு, பெட்டி மாத்தறப்ப எடுத்துக்கலாம்னேன். தப்பா சொல்லல. அப்படித்தான் நெனச்சேன்.

ஒம்பது நாளு கழிச்சு அந்தப் பெட்டி மொத்தமா செத்துப்போச்சுங்க. காத்தால ஒம்போதரைக்கு. திரையில பச்சை. மெசேஜ் இல்லை. ஒண்ணும் இல்லை.

நாலாவது மாடியில அம்மாசையப்பன்னு ஒருத்தரு. சென்னிமலைப் பக்கம் விசைத்தறிக்காரரு, அறுபத்தொண்ணு வயசு. சிறுநீரகக் கோளாறு. ரத்தத்துல பொட்டாசியம்ங்கற உப்பு நெஞ்சையே நிறுத்தற அளவுக்கு ஏறிடுச்சுன்னு லேப்ல பத்து மணிக்குக் கண்டுபிடிச்சு ரிசல்ட்டைப் போட்டுட்டாங்க. முன்னயெல்லாம் இந்த மாதிரின்னா லேப்ல இருந்து வார்டுக்கு போன் பண்ணுவாங்க. ரிசல்ட்டு கம்ப்யூட்டர்லயே வர ஆரம்பிச்சதுக்கப்பறம் போன் பண்றதை விட்டுட்டாங்க, அது எங்க குத்தம் இல்லீங்க. வார்டுல நர்சு கம்ப்யூட்டரைப் பாத்துருக்கா. பழைய பக்கமே நின்னுட்டு இருக்கு. ரிசல்ட்டு இன்னும் வரலைன்னு நெனச்சுக்கிட்டா. ஒண்ணே கால் மணிக்கு அவருக்கு நெஞ்சு நின்னு போச்சு. திரும்பக் கொண்டாந்துட்டாங்க, உசுரு இருக்கு. மூளைக்கு ரத்தம் போகாம இருந்துருச்சாம். கண்ணு தொறந்திருக்கு, ஆளு தெரியலை. அவரு மக தெனமும் கீழ ஹால்ல உக்காந்திருக்கு. நான் இப்ப பின்பக்க வழியா போயிட்டு வர்றேன், அந்த ஹால்ல எப்பவும் கூட்டமா இருக்குதுன்னு.

அப்பறம் விசாரணைக் கமிட்டி போட்டாங்க. பராமரிப்புல போட்டது யாருன்னு பதிவேட்டைப் பாத்தாங்க. மைனாவதி, திங்கக்கெழமை, காத்தால எட்டே முக்கால்னு இருக்கு. எந்த கம்ப்யூட்டர்ல இருந்துன்னு இருக்காதான்னு கேக்கறீங்களா? ரெண்டாவது சாப்ட்வேர்ல அதெல்லாம் வரும். மூணாவதுல பேரு மட்டும்தான் வரும். என்னைக் கேட்டாங்க. பதிவேட்டுல என்ன இருக்கோ அதுதானுங்கன்னு சொன்னேன். நான் பொய் சொல்லலீங்க. பதிவேட்டுல இருக்கறதைத்தான் சொன்னேன். அவகிட்டக் கேட்டாங்க. நான் போடலைன்னா. அப்பறம் எப்படி உம்பேரு வந்துச்சுன்னாங்க. அவ என்னையப் பாத்தா. நான் முன்னாடி இருந்த காகிதத்தைப் பாத்துட்டு இருந்தேன். எவ்வளவு நேரம் பாத்தாளோ தெரியலை. அன்னைக்கே அவளை சஸ்பெண்டு பண்ணிட்டாங்க.

எனக்கு வருத்தம் இல்லைன்னு நெனைக்காதீங்க. இருபத்திரெண்டு நாளா சோறு எறங்கலை. அதனாலதான் மனிதவள அதிகாரிகிட்டப் பேசி ஒரு வழி பண்ணியிருக்கேன். இந்தாங்க, இதுதான். ‘என் கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, மன்னிக்கவும்.’ நானே உக்காந்து டைப் பண்ணினேன், நல்ல வார்த்தையாப் போட்டு. இதுல அவ கையெழுத்துப் போட்டா வேலை போகாது. ஒரு எச்சரிக்கை குடுத்து, பொள்ளாச்சி கிளைக்கு மாத்திருவாங்க. நாளைக்குப் பத்தரைக்குக் கமிட்டி. அதுக்குள்ள போடலைன்னா டிஸ்மிஸ். போலீசுக்கும் போகலாம்னு பேசிக்கறாங்க. சின்னப் புள்ளைக ரெண்டு இருக்கு அவளுக்கு. ஊட்டுக்காரன் திருப்பூர்ல வேலை. நீங்களே சொல்லுங்க, வேற யாராச்சும் இவ்வளவு தூரம் மெனக்கெடுவாங்களா?

உண்மையில போட்டது யாருன்னா கேக்கறீங்க? என்னங்க நீங்க, இவ்வளவு நேரம் சொல்லிட்டுத்தானே வர்றேன். பெரிய டாக்டரு போன் பண்ணினாரு. நெருக்கடி. அவ சர்வர் ரூம்ல இருந்தா. கூப்பிட்டு, போடுன்னு சொல்லி, அவ ஏன் எதுக்குன்னு கேட்டு, அதுக்கெல்லாம் நேரம் இருந்துச்சுங்களா? பட்டன் கண்ணு முன்னாடி இருந்துச்சு. ஒரு அமுக்கு. அவ்வளவுதான்.

இருங்க, போன் வருது.

அவதானுங்க. மைனா. ஒரு நிமிசம். ம், சொல்லு அம்மிணி. நான் பஸ்ஸுலதான் இருக்கேன், நம்பியூர்கிட்ட. இல்லம்மா, நேர்ல வந்து… ம். ம். எப்ப? … சரி. … சரி மைனா.

வெச்சுட்டா.

வர வேண்டாம்னுட்டாளுங்க. நேத்தே எழுதி கமிட்டிக்கு அனுப்பிட்டாளாம். எப்பவும் போல, சார்னுதான் கூப்பிட்டா. கோவமா பேசலை. “என் தப்பு என்னவோ அதை எழுதியிருக்கேன் சார். பாஸ்வேர்டை இன்னொருத்தருக்குக் குடுத்திருக்கக் கூடாது, குடுத்தேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும்”னா. அப்பறம் சொல்றா, “யாருக்குக் குடுத்தேன்னு எழுதலை சார். அதை நீங்க சொல்லோணும்.”

பேரு எழுதலைங்க. கவனிச்சீங்களா? எம்பேரை எழுதலை. நல்ல புள்ளைங்க, நான் அப்பவே சொன்னேன்ல. எங்க டிபார்ட்மெண்ட்டுல நாலு பேரு. யாருக்கு வேணாக் குடுத்திருக்கலாம். நான் சொல்லலைன்னா யாருக்கும்… கேப்பாங்க. கேக்காம இருக்க மாட்டாங்க. நாளைக்குப் பத்தரைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க, உக்கார வெச்சுக் கேப்பாங்க. அவ மறுபடியும் என்னையப் பாப்பா.

பயமா இருக்குதுங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பெரிய டாக்டரு அங்க இருப்பாரு. அம்மாசையப்பன் மகளையும் கூப்பிட்டிருக்காங்களாம். அது முன்னாடி எப்படிங்க? நான்தான் அமுக்கினேன். ஒரே வரிதான், பாத்தீங்களா, உங்ககிட்ட வந்துருச்சு. நான்தான் அமுக்கினேன், டி.வி. பச்சையாத் தெரியோணும்னு அமுக்கினேன், அவ எடுக்கச் சொன்னப்பவும் எடுக்க விடலை. இதையேதான் அங்கயும் சொல்லோணும். வாய் வருமான்னு தெரியலைங்க. நீங்க என்ன நெனைக்கறீங்க? என் எடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லுவீங்க?

ஏனுங்க எந்திரிக்கறீங்க? நம்பியூருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்குதே.

முன்னாடி சீட்டுக்கா? அந்தப் பக்கம் வெயில் மூஞ்சியிலயே அடிக்குமுங்க. இங்கயே உக்காருங்க. ஜன்னலை வேணா தொறந்துக்கலாமுங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது. உக்காருங்க.